திறந்து பார்க்காமல் விடாதவள்

அந்த அக்காவின் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் மேசை பின்னால், அவள் உட்காரும் கம்ப்யூட்டர் முன்னால். சடையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, டைப் அடிக்கிறவர்களுக்கே உரிய நிமிர்ந்த உட்காரலில் உட்காருவாள். திரையில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், எங்கேயோ ஒரு குழந்தை அழும், பின்னால் இருக்கிற நானே திரும்பி வாசலைப் பார்ப்பேன். அந்த முதுகு மட்டும் அசையாது. இவள் மனுஷிதானா என்று எனக்கு எரிச்சல்கூட வரும். பயப்படுகிற வேலையை எல்லாம் அவள் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

திருத்தணியில் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில். நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூச்சு வாங்கும் ஒரு டேபிள் ஃபேன். என் வீட்டுக்காரர் காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவார். காலையில் ரிசல்ட் பார்க்க வருவார்கள், ஜாதகம் அச்செடுக்க வருவார்கள், சாயங்காலம் காலேஜ் பையன்கள் துப்பாக்கி சுடுகிற கேம் ஆட வருவார்கள். மத்தியானம் மட்டும் ஒரு ஈ காக்கை வராது.

அந்த மத்தியானத்தில்தான் அவள் வந்தாள். தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஒரு மர மேசையும் டைப்ரைட்டரும் போட்டு ஊரார் மனுக்களை அடித்துக் கொடுக்கிறவள். பட்டா மாறுதல், வருமானச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம். இரண்டிலிருந்து மூன்று வரை அங்கே வேலை இருக்காது. ஏதோ ஒரு படிவத்தை பிரிண்ட் எடுக்க வந்தவள், நான் பாதியில் விட்டிருந்த ஒரு கேமைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

சென்னையில் பழைய சிடிக்களைக் கட்டாக வாங்கியபோது அதுவும் கூட வந்தது. சுடுவதற்கு யாருமே இல்லாத கேம் என்பதால் பையன்கள் அதைத் தொடவில்லை. ஒரு மலைமேல் பழைய பங்களா. அதில் இருந்த ஒரு குடும்பம் ஒரு மத்தியானம் தட்டில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் காணாமல் போயிருக்கிறது. நாம் தனியாக உள்ளே போய், அறை அறையாகத் தேடி, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். காற்று, சொட்டுகிற தண்ணீர், யாரோ மூச்சு விடுவது, அவ்வளவுதான் சத்தம். பேய் எப்போதாவது கண்ணின் ஓரத்தில் தெரியும், திரும்பினால் இருக்காது.

"அந்தக் கதவ ஏன் தொறக்கல?" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சாவி இல்லக்கா."

"எங்கெங்க தேடின?"

"தேடலக்கா. போரடிச்சுது, வுட்டுட்டேன்."

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மவுஸைப் பிடிக்கவே அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள். மூன்று மணிக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அவளுடைய குணமே அது. மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டாள். என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாள், சாப்பிட மாட்டாள், மூடி வைத்துவிடுவாள். கடையில் சாவி தொலைந்துபோன ஒரு இரும்பு பீரோ இருந்தது, முன்னால் அங்கே டியூஷன் நடத்தியவர் விட்டுப்போனது. நான் அதன்மேல் பிரிண்டரை வைத்து வசதியாக இருந்தேன். இவளுக்கு மனம் ஆறவில்லை. நான்கு மத்தியானம் ஹேர்பின்னோடு மல்லுக்கட்டித் திறந்தாள். உள்ளே ஒரு சாக்பீஸ் டப்பாவும் செத்த பல்லியும். "இதுக்காக்கா இத்தினி பாடு?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இப்ப தெரிஞ்சுபோச்சில்ல. பல்லின்னு தெரிஞ்சா தூக்கம் வரும்," என்றாள்.

அவள் புருஷன் கதையை மருந்துக்கடைக்காரர் மனைவி அதற்குமுன்பே எனக்குச் சொல்லியிருந்தாள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். சென்னையில் ஒரு பட்டறையில் வேலை. ஒருநாள் காலை ரயிலுக்குச் சாப்பாட்டுப் பையோடு போனவர் சாயங்காலம் வரவில்லை. பட்டறைக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. கடன் இல்லை, குடி இல்லை, வேறு பொம்பிளை என்றும் யாரும் சொல்லவில்லை.

"சண்ட கிண்ட எதனா போட்டீங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். எனக்கு அப்போதே வாய் நீளம்.

"போட்டிருந்தா நல்லா இருந்திருக்குமே கண்ணு. காரணம்னு ஒண்ணு இருந்திருக்கும். அன்னிக்கி காலைல கத்திரிக்கா கொழம்புக்கு உப்பு கம்மின்னாரு. அதையே ஆறு வருசமா நெனச்சுகினு கீறேன். உப்புக்காகவா ஒருத்தர் போவாரு?"

இதைத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கையில் மவுஸ் ஓடிக்கொண்டிருந்தது. பங்களாவின் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். மனு அடிக்கிற இங்கிலீஷ் என்றாலும் அந்தக் கேமில் கிடக்கிற கடிதம், டைரி எல்லாவற்றையும் வரி விடாமல் படிப்பாள். ஒரு லாங் சைஸ் நோட்டில் பங்களாவின் படம் போட்டு, எந்த அறையில் என்ன கிடைத்தது என்று எழுதுவாள். நெட்டில் எல்லாக் கேமுக்கும் விடை போட்டிருப்பார்கள், ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருகிறேன் என்றால் காதைப் பொத்திக்கொள்வாள். "சொல்லிடாத. வெச்சவன் ஒருத்தன் இருக்கான்ல. வெச்சிருந்தா கெடைக்கும்," என்பாள்.

இந்த 'வெச்சவன் ஒருத்தன்' அவள் வாயில் அடிக்கடி வரும். சாவியைப் பூந்தொட்டிக்குள் வைத்தவன், கடிதத்தை ஓட்டுக்கு அடியில் வைத்தவன். யார், எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவன் ஏமாற்றமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. "மல மேல கீறவனும் எங்கியோ வெச்சிருப்பான். ஆனா அவன் கதவே காட்டமாட்றான் கண்ணு. இவன் கதவக் காட்டிட்டு சாவிய ஒளிக்கிறான். இவன் தேவல," என்று ஒருநாள் சொன்னாள். மலைமேல் முருகனுக்குச் சஷ்டி விரதம் இருக்கிறவள், படியேறாத கிருத்திகை கிடையாது. அவள் வாயில் அந்தப் பேச்சு வந்தது எனக்குத் திக்கென்றது.

பயமாக இல்லையா என்றும் கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் பழகிவிட்டது என்பார்கள். அவள் யோசித்துப் பதில் சொன்னாள். "பயமாத்தான் கீது. ஆனா இங்க எதுக்குப் பயப்படறோம்னு தெரியுது. அந்தப் பேயி கீது, அதுக்கு ஒரு கத கீது, கடைசில அது இன்னான்னு சொல்லிடுவான். எங்கூட்ல குக்கர் விசில் அடிச்சா பயம் வருது, தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா பயம் வருது. அது இன்னா பயம்னு எவன் சொல்லுவான்? இங்க செத்தவங்ககூட எழுதி வெச்சிட்டுப் போறாங்க கண்ணு. எங்க வீட்டுக்காரரு ஒரு துண்டுச் சீட்டு வெக்கல."

முதல் இரண்டு வருஷம் அடையாளம் தெரியாத உடல் என்று எங்கே கேள்விப்பட்டாலும் போயிருக்கிறாள். தண்டவாளத்தில் கிடந்தது, ஏரியில் மிதந்தது எல்லாம். கூட வந்த ஆண்பிள்ளைகள் பிணவறை வாசலிலேயே நின்றுவிடுவார்களாம். இவள்தான் உள்ளே போய்த் துணியை விலக்குவாள். "வெலக்கும்போது அவரா இருக்கக்கூடாதுன்னு வேண்டிப்பேன். அதே நிமிசம், அவரா இருந்து தொலச்சா தேவலைன்னும் தோணும். ரெண்டும் ஒரே நெஞ்சுல ஓடும். அப்புறம் வூட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திகினு சோறு துன்னுவேன். நான் இன்னா பொம்பள?" என்றாள். டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது.

ஆனி மாதம் ஒருநாள் வந்தவள் கேமில் உட்காரவில்லை. என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவளுடைய மாமியார் வீடு அம்மையார்குப்பத்தில், தறிக்கார வீடு. கடைசிக் கொழுந்தனுக்கு நகரிப் பக்கம் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண் வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்களாம். அண்ணன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் பந்தல்கால் நடக்கூடாது, எதுவானாலும் ஒரு முடிவு பண்ணிவிடுங்கள். அதனால் ஆடி அமாவாசை அன்று ஏரிக்கரையில் வைக்கோலில் ஆள் மாதிரி ஒரு பொம்மை செய்து, அவர் சட்டையை மாட்டி, கொள்ளி வைத்துக் கருமாதி பண்ணுவது என்று மூத்தவர் தீர்மானித்துவிட்டார். புருஷனின் அண்ணனை அவர்கள் பாவா என்பார்கள். அன்றைக்கே இவளுக்குப் பூவும் பொட்டும் வளையலும் தாலியும் போய்விடும்.

"சம்மதிச்சிட்டீங்களா?"

"என்னை யாரு கேட்டா? பூக்கட்டிப் பாத்துட்டாங்க கண்ணு. கங்கையம்மன் கோயில்ல வெச்சி. வெள்ள வந்தா இருக்காரு, செவப்பு வந்தா இல்ல. பக்கத்தூட்டுக் கொழந்த எடுத்து குடுத்துச்சி. செவப்பு."

முழங்கையை என் மேசைமேல் ஊன்றினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா பொட்டலத்த மடிச்சது பாவா. கல்யாணம் நடக்கணும்னு நெனக்கிறவரு. ரெண்டுலயும் செவப்ப வெச்சி மடிச்சிருந்தா யாருக்குத் தெரியும்?"

அது எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தைதான். என் கல்யாணத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தபோது எங்கம்மா இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையையே வைத்தாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. அம்மனுக்குச் சிரமம் கொடுப்பானேன் என்று நினைத்திருப்பாள். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் இப்படித்தான் நடந்திருக்கும், சத்தியமாகச் சொல்கிறேன்.

"அதான் நானே ஒண்ணு வெச்சிருக்கேன்," என்றாள் அக்கா. "மேல் மாடி கடைசி ரூம் மட்டும்தான் பாக்கி. அமாவாசைக்குள்ள அதை நானா தொறந்துட்டேன்னா அவரு இருக்காரு. தொறக்கலைன்னா வளையல நானே கழட்டிக் குடுத்துடறேன். இது யாரும் மடிக்காத பொட்டலம் கண்ணு. மடிச்சவன் எந்த நாட்டுலயோ கீறான். அவனுக்கு என்னயும் தெரியாது, பாவாவையும் தெரியாது."

நான் சிரித்திருக்க வேண்டும், அல்லது திட்டியிருக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் கேமில் புருஷன் உயிரைப் பணயம் வைக்கிறாயே, பைத்தியமா உனக்கு என்று. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரிக்கா என்றேன்.

அந்தக் கடைசி அறைக் கதவில் நான்கு பித்தளைச் சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள். பங்களாவில் நின்றுபோன கடிகாரங்கள் நான்கு. எந்த மணியில் நின்றதோ அந்த எண்களை வரிசையாக வைத்தால் திறக்க வேண்டும். அவள் அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். வைத்தாள். திறக்கவில்லை. மூன்று தடவை தப்பாக வைத்தால் விளக்கெல்லாம் அணைந்து, ஒரு ஈரக் கை தோளைத் தொட்டு, நம்மை வெளிக் கேட்டுக்குத் தள்ளிவிடும். மறுபடி முதலிலிருந்து நடந்து வர வேண்டும். தினமும் நடந்தாள். குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றித் திருகிப் பாருங்களேன் என்றேன். "அது கேட்டதா ஆவாது," என்றாள்.

ஆடி பிறந்தது. கிருத்திகைக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. காவடிகளும் மொட்டைத் தலைகளும் ஆந்திராவிலிருந்து வந்த பஸ்களுமாக ரோடு அடைத்துக்கொண்டது. அரோகரா சத்தத்தில் கேமின் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுதுகொண்டே கதவுக்கு நடந்தாள். தள்ளிவிட்டது. எழுந்து மலையைப் பார்த்துக்கூடக் கும்பிடாமல் போய்விட்டாள். அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது.

அவள் போனதும் நான் நெட்டில் தேடி விடையைப் படித்தேன். நான்காவது கடிகாரம் கூடத்தில், நாம் உள்ளே நுழைகிற வாசலுக்கு மேலே இருக்கிறது. நேராகத் தெரியாது. எதிர்ச்சுவரில் இருக்கிற பெரிய நிலைக்கண்ணாடியில்தான் தெரியும். எண் இல்லாத, கோடு மட்டும் போட்ட கடிகாரம். கண்ணாடியில் எட்டு மணி என்றால் நிஜத்தில் நான்கு. அவ்வளவுதான். அவள் எட்டு வைத்துக்கொண்டிருந்தாள். இதற்காகவா ஒருத்தி தாலியை இழக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சொன்னால் கேட்கமாட்டாள். வேண்டுதலும் கெட்டுவிடும். ராத்திரி முழுக்க யோசித்தேன். மறுநாள் காலையில் பஜாருக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் ஃபிரேம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிவந்து, அவள் உட்காரும் கம்ப்யூட்டருக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். என் தலைக்குமேல் ஒரு சுவர்க்கடிகாரம் உண்டு. அதிலும் எண் கிடையாது, கோடுதான். அவள் தலையைத் தூக்கினால் கண்ணாடியில் அந்தக் கடிகாரம் விழுகிற மாதிரி இரண்டு தடவை ஆணியை மாற்றி அடித்தேன். எங்கம்மாவின் பெண் இல்லையா நான்.

இரண்டு மணிக்கு வந்தாள். உட்கார்ந்தாள். கூடத்துக்குப் போனாள், மாடி ஏறினாள், கதவுமுன் நின்றாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன். களைத்துப்போய் ஒரு கட்டத்தில் தலையைத் தூக்கினாள்.

"இன்னா கண்ணு, ஒம்பதரைன்னு காட்டுது? கடியாரம் நின்னுபோச்சா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் திரும்பி என் தலைக்குமேல் பார்த்தாள். இரண்டரை. திரும்பக் கண்ணாடியைப் பார்த்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். அந்த முதுகு நாற்காலியில் சாய்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு மவுஸைப் பிடித்து மெதுவாக, ஒவ்வொரு சக்கரமாக, கடைசிச் சக்கரத்தில் நான்கை வைத்தாள்.

கதவு திறந்தது. அவள் உள்ளே போகவே இல்லை. திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "இருக்காரு," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. செருப்பைக்கூடக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

இவ்வளவு பாடுபட்ட கதவு, உள்ளே என்னதான் இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்தேன். காலி அறை. ஒரு ஜன்னல் திறந்திருந்தது, திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. மேசைமேல் ஒரு கடிதம். நாங்கள் எங்கள் விருப்பத்தோடுதான் போகிறோம், எங்களைத் தேட வேண்டாம் என்று எழுதியிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். இன்றுவரை அதை அவளிடம் சொல்லவில்லை.

அமாவாசை அன்று என்னையும் கூட்டிக்கொண்டு அம்மையார்குப்பம் போனாள். சாட்சிக்கு. ஏரிக்கரையில் பொம்மையைப் படுக்க வைத்திருந்தார்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை, கழுத்துவரை பட்டன் போட்டிருந்தது. சட்டைக்குள்ளிருந்து வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பாவா நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். களைத்துப்போன முகம். இவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல பேய்க் கத சொல்லிச்சி, தம்பி உயிரோட கீறான்னு. ஊர்ல சொன்னா சிரிக்கமாட்டாங்களாம்மா?"

"பூவ நீங்க மடிச்சீங்க பாவா. இத யாரும் மடிக்கல. நானாத்தான் தொறந்தேன். இதோ, இவ பக்கத்துலதான் இருந்தா. ஒரு வார்த்த சொல்லிக் குடுத்தாளான்னு கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். கரையில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள். "நீ சொல்லும்மா. மல மேல கீறவன் மேல ஆணையா சொல்லு. நீ எதனா சொல்லிக் குடுத்தியா?"

"ஒரு வார்த்தகூட சொல்லலைங்க," என்றேன்.

எவ்வளவு சுத்தமான உண்மை பாருங்கள். கண்ணாடியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

பாவா தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்த மாமியார்தான் குனிந்தாள். பொம்மையின் சட்டைப் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சட்டையை உருவி உதறி, மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எம்புள்ள கீறான்டா. எடுத்துகினு போங்கடா இத," என்று வைக்கோலைக் காட்டினாள். மாமியார் தோளில் விழுந்து அக்கா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஒரு தாலியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று பெருமையோடு பஸ் ஏறினேன். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வழக்கம்போல் ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது அவருக்குக் கேசரி கிளறிக் கொடுத்தேன்.

அதற்குப்பின் நடந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நகரிப் பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். கொழுந்தன் வெறுத்துப்போய்ச் சூரத்துக்கு வேலைக்குப் போய்விட்டான், வீட்டுக்குக் கடிதம்கூடப் போடுவதில்லை. மாமியார் ராத்திரி கதவுக்குத் தாழ் போடவிடாமல் மூன்று வருஷம் இருந்துவிட்டுச் செத்துப்போனாள், பிள்ளை வந்தானா என்று கேட்டுக்கொண்டே. இவள் பொட்டும் வளையலுமாக மனு அடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் நிஜத்தைச் சொல்லியிருந்தால் வளையலை உடைத்திருப்பார்கள். அழுதிருப்பாள், ஒரு வருஷம், இரண்டு வருஷம். அப்புறம் அவளுக்கு முப்பத்தைந்துதானே வயது, ஏதோ ஒரு வாழ்க்கை இருந்திருக்கும். அந்தச் செத்த பல்லியைப் பார்த்த மாதிரி, தெரிந்தது என்று தூங்கியிருப்பாள். நான் நல்லது செய்கிறேன் என்று ஒரு கண்ணாடி மாட்டி, இரண்டு பெண்களைத் தூங்கவிடாமல் பண்ணிவிட்டேன். பாவா மடித்தது சிவப்பு, நான் மடித்தது வெள்ளை. வேறென்ன வித்தியாசம்.

சொல்லிவிட வேண்டும் என்று பலதடவை தாலுகா ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறேன். அவள் யாருக்காவது வாரிசுச் சான்றுக்கு மனு அடித்துக்கொண்டிருப்பாள். இறந்தவர் பெயர், இறந்த தேதி என்று விரல் ஓடும். என்னைப் பார்த்தால் முகம் மலர்ந்து, பக்கத்தில் இருக்கிறவர்களிடம் "இவதான், இவதான் கூட இருந்தா," என்பாள். நான் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

கடை போட்ட பத்தாவது வருஷம், எல்லார் கையிலும் போன் வந்து என் கடைக்கு ஆள் வராமல் போனது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் கழற்றாமல் இருந்தது. ஒரு மத்தியானம் வந்து நின்றாள். முன்நெற்றி முழுக்க நரைத்திருந்தது. மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் கேட்டாள்.

"கண்ணு, அந்த மாதிரி வேற வீடு எதனா கீதா?"

"எதுக்குக்கா இப்ப?"

"அன்னிக்கி இருக்காரான்னு மட்டும்தான் கேட்டேன். எங்க இருக்காருன்னு கேக்காம வுட்டுட்டேன். அது என் தப்பு. ரூமுக்குள்ளகூடப் போவல பாரு. இந்தத் தடவ ஒவ்வொரு ரூமா கேக்கணும்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கட்டிய பெட்டியைப் பிரித்து ஒரு சிடியை எடுத்துப் போட்டேன். ஏதோ மூடிப்போன ஆஸ்பத்திரி, நீளமான வராந்தா, இருட்டு. அவள் பையிலிருந்து புது லாங் சைஸ் நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் வாசலை வரைந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நோட்டின் எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தாளவில்லை. இனி இவள் அறை அறையாக எத்தனை வருஷம் போவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி அந்தக் கதவ நீங்களா தொறக்கல. நாந்தான் நெட்ல பாத்துட்டு, வேணும்னே கண்ணாடிய வாங்கியாந்து மாட்டினேன். அது கேட்டதே ஆவாதுக்கா. அவரு இருக்காரா இல்லையான்னு எனக்கும் தெரியாது, அந்தக் கேமுக்கும் தெரியாது. என்னய மன்னிச்சிடுங்க."

ஹெட்போன் ஒரு காதில்தான் இருந்தது. நான் சொன்னது அவள் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். மவுஸ் ஒருதடவை நின்று மறுபடி நகர்ந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையை விலக்கி, மறு காதையும் மூடிக்கொண்டாள்.

"சும்மா இரு கண்ணு," என்றாள். "யாரோ நடந்து வர்ற சத்தம் கேக்குது."